மில்லுக்குள்ள இரும்பு அறுக்கணும்னா கேஸ் கட்டிங்கா, ரம்பமா?

கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ் பாக்கறேன், பதினாறு வருசமாச்சு. டக்ட் மாத்தறது, பழைய பைப் லைனை எடுக்கறது, மெஷின் பவுண்டேஷன்ல துருப்பிடிச்சு நிக்கற போல்ட்டை அறுக்கறதுன்னு மாசத்துக்கு நாலஞ்சு தடவையாவது டிபார்ட்மெண்டுக்குள்ளயே இரும்பு அறுக்கற வேலை வந்துரும். ரெண்டு வருசம் முன்னாடி வரைக்கும் எல்லாத்துக்கும் கேஸ் கட்டிங்தான், அதாவது ஆக்சிஜனும் எரியற கேஸும் சேர்ந்த டார்ச் தீயில இரும்பை அறுக்கறது. கான்ட்ராக்ட் வெல்டருக்கு போன் பண்ணுவோம், ஹாட் வொர்க் பெர்மிட்டுல (தீயோ பொறியோ வர்ற வேலைக்கான அனுமதிச் சீட்டு) கையெழுத்து போடுவோம், வேலை முடிஞ்சுரும். இப்ப முக்கால்வாசி வேலை ரெசிப்ரோகேட்டிங் சாவுலயும் (பிளேடு முன்னும் பின்னும் ஓடற கை ரம்பம்) போர்ட்டபிள் பேண்ட் சாவுலயும் (பட்டை பிளேடு வளையமா சுத்தற ரம்பம்) நடக்குது. ரெண்டுலயும் வேலை வாங்கியிருக்கேன், நான் ரம்பம் பக்கம்தான், அதை முதல்லயே சொல்லிடறேன்.

எல்லாருக்கும் தெரிஞ்சதை சீக்கிரம் முடிச்சுக்கலாம். வேகத்துல கேஸ் கட்டிங்கை அடிச்சுக்க ஆளில்ல, 10 எம்எம் தகடை வெண்ணெய் மாதிரி அறுத்துட்டு போயிரும். எந்த மூலையிலயும் டார்ச் நுழையும். வெல்டருங்க எல்லாம் பழகின கை. ரம்பத்துக்கு பிளேடு செலவு இருக்கு, அதிர்வு இருக்கு, அரை மணி நேரம் தொடர்ந்து பிடிச்சா கை மரத்துப்போகும், குறுகலான இடத்துல பிளேடு முன்னும் பின்னும் ஓட இடம் வேணும். வேலை செய்யற நேரத்தை மட்டும் பாத்தா கேஸ்தான் ஜெயிக்கும், அதுல சந்தேகமே வேண்டாம்.

ஆனா வேலை செய்யற நேரத்தை மட்டும் பாக்கக்கூடாதுன்னு எனக்கு ஒரு சாயங்காலம் புரிஞ்சுது.

ஹெச் பிளான்ட் (மில்லுக்குள்ள ஈரப்பதத்தை காக்கற ஏர் பிளான்ட்) ரிட்டர்ன் ஏர் ட்ரெஞ்சுக்கு, அதாவது காத்து திரும்பிப் போற தரையடி கால்வாய்க்கு மேல ஒரு பழைய ஆங்கிள் பிரேமை எடுக்கணும். பேன் எல்லாம் ஆப் பண்ணியாச்சு, சுத்தியும் கூட்டியாச்சு, தண்ணி தெளிச்சாச்சு, ட்ரெஞ்ச் கிரேட்டிங் மேல தகரம் போட்டு மூடியாச்சு, எக்ஸ்டிங்குயிஷர் பக்கத்துல. பெர்மிட்டுல எல்லா கட்டத்துலயும் டிக். வெல்டர் "இருபது நிமிச வேலைங்ணா"ன்னு சொன்னாரு, சொன்ன மாதிரியே அஞ்சேகாலுக்கு முடிச்சுட்டாரு. வாட்ச்சுக்கு, அதாவது தீ பத்துதான்னு பாக்கறதுக்கு நிக்க வெச்ச பையன், டார்ச் அணைஞ்ச உடனே ஓஸை சுருட்டி, சிலிண்டர் டிராலியை தள்ளிட்டு அவரு கூடவே போயிட்டான். அவன் மேல தப்பு சொல்ல மாட்டேன், அவன் ஹெல்ப்பர், போன்னா போவான். நான் பெர்மிட்டை குளோஸ் பண்ணி கையெழுத்து போட்டேன். அஞ்சரைக்கு பேன் ஓட ஆரம்பிச்சுருச்சு.

ஆறேமுக்காலுக்கு கூட்டற அக்கா ஒருத்தங்க ஆபீஸ் வாசல்ல வந்து நின்னாங்க. "தம்பி, துணி தேய்க்கறப்ப கருகற மாதிரி வாசம் வருதுங்க, உங்களுக்கு வருதா?" எனக்கு வரல. அவங்க கூட போனேன். கிரேட்டிங்கை தூக்கிப் பாத்தா ட்ரெஞ்ச் தரையில படிஞ்சிருந்த பறக்கற பஞ்சு மேலாப்புல சாம்பல் கலர்ல எப்பவும் போலத்தான் இருந்துச்சு. டார்ச்சு லைட்டை அணைச்சதும்தான் தெரிஞ்சுது, பஞ்சுக்கு அடியில பீடி முனை மாதிரி ஒரு செவப்புக் கோடு, ஒரு முழ நீளம், காத்து போற திசையிலயே நகந்துட்டு இருக்கு. ஜுவாலையே இல்ல. புகையை பேன் இழுத்துட்டு போயிருச்சு, அதனாலதான் யாருக்கும் கண்ணுல படல. பேனை நிறுத்தி, தண்ணி ஓஸை போட்டு நனைச்சு, பஞ்சை மொத்தமா வாரி வெளிய கொட்டினோம். நஷ்டம்னு பாத்தா ஒண்ணுமே இல்ல. ஆனா அந்த ட்ரெஞ்ச் எங்க போய் முடியுதுன்னு எனக்குத் தெரியும், அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

தகரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி இருந்திருக்கு. உருகின இரும்புத் துளி 1,500 டிகிரியை ஒட்டி இருக்கும், பஞ்சு பத்திக்க சுமார் 400 டிகிரி போதும். கடுகளவு துளி ஒண்ணு விழுந்தா அது ஆறிப்போறதுக்குள்ள செய்ய வேண்டியதை செஞ்சுரும். அதுக்கப்புறம் பஞ்சு நிதானமா கனியும், அவசரமே படாது. அந்தக் கங்குக்கு பேன் போட்டு விசிறி விட்டது நாங்கதான்.

அதனால இந்த ஒப்பீட்டுல நான் பாக்கறது ஒரே விஷயம்தான், டார்ச்சை அணைச்சதுக்கு அப்புறம் வர்ற ஒரு மணி நேரம். அமெரிக்காவோட என்எஃப்பிஏ 51பி ஹாட் வொர்க்குக்குன்னே இருக்கற தரநிலை, அதுல வேலை முடிஞ்சு அரை மணி நேரம் ஆள் நின்னு பாக்கணும்னு ரொம்ப காலமா இருந்துச்சு, 2019 பதிப்புல அதை ஒரு மணி நேரமா ஏத்திட்டாங்க. சுத்தி 11 மீட்டருக்குள்ள எரியற பொருள் இருக்கக்கூடாது, இருந்தா மூடி மறைக்கணும்ங்கறதும் அதுல இருக்கறதுதான். நம்ம ஊர்லயும் வெல்டிங், கட்டிங் தீ பாதுகாப்புக்கு ஐஎஸ் 3016ன்னு 1982-லயே தரநிலை போட்டாச்சு. விதி இல்லாம இல்லைங்க. அந்த ஒரு மணி நேரத்தை மில்லுக்குள்ள யாரு கொடுக்கறாங்க?

கணக்கு போட்டு பாருங்க. அன்னிக்கு வேலை இருபது நிமிசம். முறையா செஞ்சிருந்தா அதுக்கு முன்னாடி மேல இருக்கற பர்லின் (கூரையைத் தாங்கற குறுக்குச் சட்டம்), டக்ட் முதுகு, கேபிள் ட்ரே, ட்ரெஞ்ச் உள்பக்கம் எல்லாம் பஞ்சு எடுக்க ஒன்றரை மணி நேரம். முடிஞ்சு ஒரு மணி நேரம் வாட்ச், அதுவும் பேன் ஓடாம. மொத்தம் கிட்டத்தட்ட மூணு மணி நேரம் அந்த லைன் நிக்கணும். ஹெச் பிளான்ட் நின்னா ஈரப்பதம் போகும், நூல் அறுக்கும், புரொடக்ஷன் மேனேஜர் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா போன் அடிப்பாரு. அந்த அழுத்தத்துல முதல்ல காணாமப்போறது கடைசி ஒரு மணி நேரம்தான், ஏன்னா அப்ப பாக்கறதுக்கு அங்க ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், ஒரு ஆள் சும்மா நிக்கற மாதிரி தெரியும். வாட்ச்சுக்கு நிக்கறவனுக்கு வேற எந்த வேலையும் கொடுக்கக்கூடாதுங்கறது அடிப்படை, ஆனா சும்மா நிக்கற ஆளைப் பாத்தா எந்த மேஸ்திரிக்கும் கை சும்மா இருக்காது, கூப்பிட்டு ஏதாவது சொல்லிருவாங்க.

அதே ஆங்கிள் பிரேமோட மறுபக்கம் மிச்சம் இருந்துச்சு, அதை அடுத்த வாரம் ரெசிப்ரோகேட்டிங் சாவுல எடுத்தோம். 50க்கு 50, 6 எம்எம் ஆங்கிள், பன்னிரண்டு வெட்டு. இன்ச்சுக்கு 14 பல்லு இருக்கற பைமெட்டல் பிளேடு, ஸ்பீடை குறைச்சு வெச்சு கட்டிங் ஆயில் விட்டு அறுத்தா பிளேடு நல்லா தாங்குது, வேகத்தை ஏத்தினா பல்லு நீலமாகி ரெண்டாவது வெட்டுலயே மழுங்கிரும், முதல் நாள் மூணு பிளேடு அப்படித்தான் போச்சு. ரெண்டு பிட்டர் மாத்தி மாத்தி பிடிச்சு ஒண்ணேகால் மணி நேரம். தூள் கீழ விழுந்துச்சு, தொட்டா சூடா இருந்துச்சு, அவ்வளவுதான், பொறி பறக்கல. காந்தத்தை வெச்சு தூளை எடுத்துட்டு உடனே பேன் போட்டோம். முன்னாடி பின்னாடி கூட்டறதெல்லாம் சேர்த்தா ஒண்ணேமுக்கால் மணி. மூணு மணிக்கு ஒண்ணேமுக்கால். புரொடக்ஷன் மேனேஜர் கிட்ட தீ, ஆபத்துன்னு எத்தனையோ மீட்டிங்ல பேசியிருக்கேன், இந்தக் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினதுக்கு அப்புறம்தான் அவரே "அந்த ரம்பத்துலயே பண்ணிருங்க"ன்னு கேக்க ஆரம்பிச்சாரு.

இங்க ஒண்ணு அழுத்தி சொல்லணும். ஆங்கிள் கிரைண்டர்ல கட்டிங் வீல் போட்டு அறுக்கறதை நெறைய பேர் கேஸ் இல்லை, அதனால பெர்மிட் வேண்டாம்னு நினைக்கறாங்க. கிரைண்டிங்கும் ஹாட் வொர்க்தான். அந்தப் பொறி ஒரே திசையில பீச்சி அடிக்கும், எதிர்ல பஞ்சு இருந்தா அதுக்கு கேஸும் கிரைண்டரும் ஒண்ணுதான். எங்க மில்லுல கேஸ் சிலிண்டர் உள்ள வந்தா பத்து பேர் பாப்பாங்க, கிரைண்டர் ஒரு பையில வந்துட்டு போயிரும், அதனால எனக்கு கிரைண்டரைப் பாத்தாதான் பயம் ஜாஸ்தி. நான் ரம்பம்னு சொல்றது பல்லு வெச்ச பிளேடை மட்டும்தான். இறுகிப்போன நட்டுக்கு நட் ஸ்பிளிட்டர் இருக்கு, ஸ்பேனர் போட்டு இறுக்கினா நட்டு ரெண்டா பிளந்துரும், இதுக்கா கேஸ் கொளுத்தினோம்னு தோணும்.

ரம்பத்துலயும் கவனிக்க வேண்டியது இருக்கு. கார்பன் பிரஷ் மோட்டார் இருக்கற மெஷின்ல உள்ளயே சின்னதா பொறி வரும், அதோட கூலிங் துவாரம் பஞ்சை இழுத்து அடைச்சுக்கும். நாங்க பிரஷ்லெஸ் பேட்டரி மாடல் வாங்கினோம், ஒவ்வொரு வேலைக்கு அப்புறமும் ஏர் அடிச்சு துவாரத்தை சுத்தம் பண்றோம். கூட்டாம அறுக்கலாம்னு யாரும் எடுத்துக்கக்கூடாது. தின்னர், டீசல் இருந்த டேங்க், டிரம் விஷயத்துல ரம்பம்னாலும் எனக்கு ஒரே பதில்தான், உள்ள இருக்கறதையும் அதோட ஆவியையும் வெளியேத்தாம கிட்ட போகவே கூடாது. வெல்டிங், கட்டிங்குக்கு இதை 1948 பேக்டரி சட்டத்தோட 37-வது பிரிவுலயே எழுதி வெச்சாங்க.

மில்லுக்கு வெளிய இது எனக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்னு சொல்ற அனுபவம் இல்ல, நான் பாத்தது பஞ்சு மட்டும்தான். ஆனா கண்ணுக்குத் தெரியாம கனியற கதை எல்லா இடத்துலயும் இருக்கு. 1996 ஏப்ரல்ல ஜெர்மனியில டுசல்டார்ப் ஏர்போர்ட்ல டெர்மினலுக்கு மேல இருந்த ரோட்டுல வெல்டிங் பண்ணியிருக்காங்க, உருகின துளி கீழ கூரை இடுக்குல இருந்த பாலிஸ்டைரின் காப்புல விழுந்து பத்தி, 17 பேர் செத்துப்போனாங்க. வேலை செஞ்சது மேல, செத்தது கீழ. 1942 பிப்ரவரியில நியூயார்க் துறைமுகத்துல நார்மண்டிங்கற பெரிய கப்பலை ராணுவத்துக்காக மாத்திட்டு இருந்தப்ப கட்டிங் டார்ச் பொறி லைப் ஜாக்கெட் குவியல்ல விழுந்துச்சு. அந்த ஜாக்கெட்டுக்குள்ள என்ன தெரியுங்களா? இலவம்பஞ்சு. தீயை அணைக்க ஊத்தின தண்ணி கனத்துலயே கப்பல் சாஞ்சு படுத்துருச்சு. பஞ்சோட குணம் இலவமானாலும் பருத்தியானாலும் ஒண்ணுதான்.

சரி, கேஸ் எங்க வேணும்? 20 எம்எம்முக்கு மேல தகடு, பெரிய ஷாப்ட், கான்கிரீட்டுல புதைஞ்ச சேனல், இதெல்லாம் ரம்பத்துல நான் முயற்சி பண்ணி பாதியில விட்டவை. பேண்ட் சா கனமானதையும் அறுக்கும், ஆனா அதோட வாய்க்குள்ள பொருள் அடங்கணும், எங்க மெஷினுக்கு 120 எம்எம் தாண்டினா அடங்காது. ஒட்டற வேலைக்கு ரம்பம் எப்படியும் உதவாது, முடிஞ்ச இடத்துல பிளாஞ்ச் போட்டு போல்ட் பண்ணிக்கறோம், முடியாததை கழட்டி வெளிய ஒர்க்‌ஷாப் ஷெட்டுக்கு கொண்டு போய் வெல்டிங் பண்றோம்.

கேஸ்தான்னு ஆயிட்டா பெர்மிட் புக்குல இப்ப ரெண்டு வரி சேர்த்திருக்கோம். வேலை முடிஞ்ச நேரத்துக்கு கீழ "30 நிமிசம் கழிச்சு பாத்தது", "60 நிமிசம் கழிச்சு பாத்தது"ன்னு, ரெண்டுக்கும் வாட்ச் நின்னவன் கையெழுத்து, அடியில இருக்கற தளம், சுவத்துக்கு மறுபக்கம் உட்பட. அது இல்லாம பேன் சுவிட்சுல போட்ட பூட்டை நான் திறக்கறதில்ல, சாவி என் பாக்கெட்ல. வாட்ச்சுக்கு கையில தண்ணி ஓஸ்தான் கொடுக்கறோம், சிஓ2 எக்ஸ்டிங்குயிஷர் அடிச்சா அந்த வேகத்துல பஞ்சு பறந்து கங்கு நாலு இடத்துல போய் விழும், பவுடர் மேலாப்புல படிஞ்சு உள்ள கனியறது கனியும். கரண்ட் லைன் பக்கத்துல இருந்தா முதல்ல அதை ஆப் பண்ணி பூட்டு போட்டுட்டுதான் ஓஸ்.

வர்ற ஆயுத பூஜை லீவுல பழைய கம்ப்ரஸர் பவுண்டேஷன் சேனலை எடுக்கணும், 200 எம்எம் சேனல், பாதி கான்கிரீட்டுக்குள்ள. ரம்பத்துக்கு வழியில்ல, கேஸ்தான். ஹெல்ப்பர் பசங்களை ஊருக்கு அனுப்பிட்டு அன்னிக்கு வாட்ச்சுக்கு நானே நிக்கறதா வெல்டர் கிட்ட சொல்லியாச்சு.