‘கார்னிவல் ஆஃப் லைட்’ என்ற பெயரில் விற்கப்படும் குறுந்தகட்டை வாங்காதீர்கள்

பீட்டில்ஸ் குழுவின் வெளிவராத பதிவுகளைத் தேடிவரும் ரசிகர்களுக்காக இதை எழுதுகிறேன். அவற்றுள் பலரும் கேட்க ஏங்கும் ‘கார்னிவல் ஆஃப் லைட்’ என்று சொல்லி ஒருவர் விற்ற குறுந்தகட்டை 120 பவுண்டு கொடுத்து வாங்கி ஏமாந்தேன். அவர் அதே தட்டை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பதிவு உண்மையிலேயே இருக்கிறது என்பதுதான் இந்த மோசடிக்கு மூலதனம். 1967 ஜனவரி 5 அன்று, ‘பென்னி லேன்’ பாடலுக்குக் குரல் சேர்க்க லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடிய நால்வரும், மெட்டோ தாளக்கட்டோ இல்லாத 13 நிமிடம் 48 வினாடி நீளமான ஒன்றை நான்கு தட நாடாவில் பதிவு செய்தார்கள். ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் ஜனவரி 28, பிப்ரவரி 4 ஆகிய இரண்டு இரவுகளில் நடந்த ஒளி, ஒலி நிகழ்ச்சிக்காகச் செய்யப்பட்ட அந்தப் பதிவு, அதன் பிறகு பொதுவெளிக்கு வரவே இல்லை. 1996இல் ‘ஆந்தாலஜி 2’ தொகுப்பில் சேர்க்கத் தாம் விரும்பியதாகவும், சக உறுப்பினர் ஜார்ஜ் ஹாரிசன் இசையவில்லை என்றும் குழுவின் பால் மெக்கார்ட்னி கூறியிருக்கிறார். நாடா தம்மிடம் இருப்பதை 2008இல் உறுதிப்படுத்தினார்.

1987இல் அதைக் கேட்கும் வாய்ப்புப் பெற்ற ஆய்வாளர் மார்க் லூயிசன், சிதைந்த முரசொலி, தேவாலய ஆர்கன், தண்ணீர் கொப்பளிக்கும் ஓசை, ‘பார்சிலோனா’ என்ற கூச்சல் என்று ஒவ்வொரு தடத்திலும் இருப்பதை எழுதிவைத்தார். அந்தக் குறிப்பையே செய்முறையாக வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் ஒரு போலியைத் தயாரித்துவிடலாம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தட்டு வந்த இரவு, விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்டேன். நீளம் வினாடி பிசகாமல் 13:48. ‘பார்சிலோனா’ என்ற குரல் எழுந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புத்தகத்தில் படித்த அனைத்தும் வரிசையாக வந்ததால், ஐயமே எழவில்லை.

மறுநாள் கணினியில் அதிர்வெண் படத்தை வரைந்து பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் நறுக்கியதுபோல் ஒன்றுமே இல்லை. அது எம்பி3யாகச் சுருக்கப்பட்ட கோப்பின் அடையாளம். மூல நாடாவின் முதல் பிரதியிலிருந்து நேராக மாற்றியது என்றுதான் விற்றவர் எழுதியிருந்தார். மேலும், நாடாவில் இசை நின்றாலும் இரைச்சல் நிற்பதில்லை. இதிலோ இரண்டு இடங்களில் முழு மௌனம். எல்லாவற்றையும்விட என்னை நிலைகுலைய வைத்தது நான்காம் நிமிடத்துத் தம்புரின் (சலங்கைத் தகடுகள் கொண்ட சிறு கைப்பறை) ஒலிதான். அங்கே ஒரு தட்டல் சற்று முந்தி விழுகிறது. அதே பிசகு ஒன்பதாம் நிமிடத்திலும் வருகிறது. இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். அலைவடிவம் இம்மியும் விலகவில்லை. மனிதக் கை ஐந்து நிமிட இடைவெளியில் ஒரே பிழையை அப்படிச் செய்யாது.

இந்தப் படங்களுடன் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘சேகரிப்பாளர்களுக்குள் நம்பிக்கை வேண்டும்’ என்று ஒரு வரி பதில் வந்தது. பிறகு தொடர்பே இல்லை. நண்பருக்கு அனுப்பும் முறையில் பணம் செலுத்தச் சொன்னதை நான் ஏற்றிருந்ததால், வாங்குபவருக்கான பாதுகாப்பும் கிடைக்கவில்லை. 1968 ஜூலை 18 அன்று பதிவான 27 நிமிட ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ என்ற பீட்டில்ஸ் பாடல் வடிவம் தம்மிடம் இருப்பதாகவும் அவர் சொல்லிவருகிறார். அதே நாளின் வேறொரு வடிவம், ஏறத்தாழ 13 நிமிட நீளத்தில், 2018இல் முறையாகவே வெளியாகிவிட்டது. அதை வெட்டி ஒட்டி நீட்டுவது எளிது என்பதால் அதையும் நம்ப வேண்டாம்.

இத்தகைய விற்பனை அழைப்பு உங்களுக்கு வந்திருந்தால், நாடா யார் யார் கை மாறி வந்தது என்று முதலில் கேளுங்கள். நீளத்தையும் கூச்சலையும் சான்றாக ஏற்காதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன், நடுவிலிருந்து ஒரு நிமிடத் துண்டைச் சுருக்காத கோப்பாகக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள். என்னிடமுள்ள தட்டோடு ஒப்பிட்டு, அன்றே பதில் சொல்கிறேன்.