ஹல்க் 181 வாங்கப் போகிறவர்கள் ஸ்டாம்பின் பின்பக்கத்தைப் பாருங்கள்

நியூஜெர்சியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்த காமிக்ஸ் சந்தையில், 1974-இல் வெளிவந்த 'இன்க்ரெடிபிள் ஹல்க்' 181-ஆம் இதழை 1,900 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கினேன். "ஒரு பக்கம் குறையாது, எல்லாம் அப்படியே இருக்கிறது" என்று சொல்லித்தான் அந்த டீலர் விற்றார். குறை பக்கத்தில் இல்லை. உள்ளே அச்சான 'ஸ்டாம்ப்' என்ற தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்றில் இருந்தது. அந்தத் துண்டைப் பற்றித் தெரிந்துகொண்டு, கேட்டு, கண்ணால் பார்த்த பிறகும் ஏமாந்தேன். விஷயம் தெரியாதவன் ஏமாந்தால் பரவாயில்லை, பாதி தெரிந்தவன் ஏமாறுவதுதான் ரொம்ப வலிக்கிறது.

இந்த இதழுக்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் கதை. பின்னால் எக்ஸ்-மென் என்ற சூப்பர்ஹீரோக் குழுவில் பேர் வாங்கிய உல்வரின், முழுசாக வந்து சண்டை போடுகிற முதல் இதழ் இதுதான். அப்போது மார்வெலின் தலைமை ஆசிரியராக இருந்த ராய் தாமஸுக்கு, கனடாக்காரனாக ஒரு பாத்திரம் வேண்டும், பெயர் உல்வரின் என்று இருக்க வேண்டும் என்று ஆசை. லென் வெய்ன் கதை எழுதினார். உடையை ஜான் ரொமிட்டா வடிவமைத்தார், இதழை வரைந்தவர் ஹெர்ப் டிரிம்ப். 180-ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில் ஆள் தலைகாட்டிவிடுகிறான். அதனால் எது முதல் தோற்றம் என்று சேகரிப்பாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் சந்தை எப்போதோ 181 பக்கம் சாய்ந்துவிட்டது. என்னைக் கேட்டால் சந்தை சொல்வதுதான் சரி. கடைசிக் கட்டத்தில் எட்டிப் பார்ப்பது வருகையாகாது.

இதழைப் படித்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஹல்க், வெண்டிகோ என்ற ராட்சதன், நடுவில் மஞ்சளும் நீலமும் உடுத்திய ஒரு குள்ளன், அவன்தான் உல்வரின். அவனுக்கு லோகன் என்ற பெயர்கூட அப்போது கிடையாது, அது பின்னால் வந்தது. 1975-இல் 'ஜயன்ட் சைஸ் எக்ஸ்-மென்' முதல் இதழில் அவனைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் ஆள் பெரிய ஆள் ஆனான். 181-ஐ 25 சென்ட்டுக்கு வாங்கிய பையன்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர்கள் கத்தரிக்கோலை எடுத்தார்கள்.

அங்கேதான் என் பிரச்சினை தொடங்குகிறது. 1974-இல் மார்வெல் தன் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் 'மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப்' என்று ஒரு சின்னப் படத்தை அச்சிட ஆரம்பித்தது. தபால் தலை இல்லை, வெறும் அச்சுப் படம். மொத்தம் 100 படங்கள். வெட்டியெடுத்து, தபாலில் வரவழைத்த ஆல்பத்தில் ஒட்ட வேண்டும். பிக்ஃபன் பபிள்கம் அட்டையில் ரன் சேர்த்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். நானும் அந்தக் கூட்டம்தான், கையில் இருந்திருந்தால் நானும் வெட்டியிருப்பேன். 181-இல் இருப்பது 54-ஆம் எண், ஷன்னா என்ற மார்வெல் கதாநாயகியின் படம். அது இல்லாத பிரதிகள் ஏராளம். இல்லையென்றால் விலை பாதிக்கும் கீழே போய்விடும், அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

இதெல்லாம் தெரிந்துதான் போனேன். கேட்ட முதல் கேள்வியே, "ஸ்டாம்ப் இருக்கிறதா?"

அவர் சிரித்தார். நான் விவரம் தெரிந்தவன் என்று பாராட்டினார். மைலர் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையை அவரே பிரித்து, அவரே பக்கத்தைப் புரட்டி, கடிதப் பக்கத்தை விரித்துக் காட்டினார். ஷன்னா இருந்தாள். தொடக் கை நீட்டியபோது, "விரல் எண்ணெய் படும், வேண்டாம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. மண்டபத்தில் மஞ்சள் விளக்கு, பின்னால் இரண்டு பேர் வரிசையில். பக்கத்தை அவர் திருப்பிக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ரசீதும் கேட்கவில்லை. இந்த இரண்டையும் எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, முப்பது வருடமாகச் சேகரிக்கும் ஒரு திருச்சிக்கார அண்ணனிடம் காட்டினேன். அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை. நேராகக் கடிதப் பக்கத்துக்குப் போனார், அதே வேகத்தில் தாளைத் திருப்பினார்.

"எவ்வளவு கொடுத்தே?"

சொன்னேன்.

"இங்கே பாரு."

அந்தத் தாளின் பின்பக்கத்தில் ஓடுகிற அச்சு, ஸ்டாம்ப் இருக்கும் இடத்துக்கு வந்ததும் திடீரென்று வேறு எதுவோ ஆகிவிடுகிறது. எழுத்து சேரவில்லை, நிறம் சேரவில்லை. வேறொரு இதழிலிருந்து வெட்டிய ஷன்னாவை ஓட்டைக்குள் பொருத்தி, ஓரத்தில் மெல்லிய பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒரே ஸ்டாம்பைப் பல இதழ்களில் அச்சிட்டார்கள். அதனால் சில டாலருக்குக் கிடைக்கும் ஏதோ ஒரு பழைய இதழை வாங்கி 54-ஐ வெட்டிக்கொண்டால் முடிந்தது வேலை. பக்கத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார் அண்ணன். ஸ்டாம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு, கீழ்ப்பக்கம் கொஞ்சம் கோணலாக. ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பையன் அவசரமாக வெட்டிய கோணல். அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். மார்வெலே 2019-இல் இந்த இதழை விளம்பரங்களோடு அப்படியே மறுபதிப்பாக விட்டிருக்கிறது. அதிலிருந்து வெட்டி ஒட்டினால் பின்பக்க அச்சுகூடப் பொருந்திவிடலாம். அப்போது தாளைத்தான் பார்க்க வேண்டும். 1974-இன் தாள் மட்டமான நியூஸ்பிரிண்ட், ஓரம் பழுத்து, பழைய நோட்டு வாசனை வரும். புதுத் தாளுக்கு அந்தப் பழுப்பு வராது. டீத் தண்ணீரில் நனைத்து வரவழைப்பவர்கள் இருக்கிறார்களாம். பத்து டாலர் புற ஊதா டார்ச் ஒன்று வைத்திருக்கிறார், அதை அடித்தால் இக்காலத்து வெள்ளைத் தாள் நீலமாக மின்னும், பழைய தாள் மங்கலாகக் கிடக்கும். என் ஸ்டாம்பு மின்னவில்லை, அதுவும் பழைய தாள்தானே. ஆனால் ஓரத்துப் பசை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

டீலருக்குப் படங்களோடு எழுதினேன். முதலில் பதில் இல்லை. மூன்றாவது தடவை வந்தது: விற்றது விற்றதுதான், என்னிடம் இருந்தபோது ஒழுங்காக இருந்தது, நீங்களே மாற்றியிருக்கலாம் என்று. ரசீது இல்லாதவன் என்ன சொல்வது? சந்தை நடத்துகிறவர்கள், மேசை வாடகைக்கு விடுவது மட்டும்தான் எங்கள் வேலை என்று கைகழுவிவிட்டார்கள். வேறு இரண்டு கடைகளில் காட்டினேன். அதிகபட்சமாகச் சொன்ன விலை 750.

"கிரேடு செய்து பிளாஸ்டிக் பெட்டியில் மூடியதையே வாங்கியிருக்கலாமே" என்று பலரும் சொல்கிறார்கள். இதழின் நிலையைச் சோதித்து மதிப்பெண் போட்டு, சான்றிதழ் எண்ணோடு பெட்டியில் மூடித் தருகிற நிறுவனங்களைச் சொல்கிறார்கள். சரி, அதுதான் நல்லது, காசு கூட ஆனாலும். ஆனால் அதிலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்காதீர்கள். பெட்டியைத் திறந்து உள்ளே மட்டமான பிரதியை வைத்து, பழைய கிரேடோடு புதுப் பெட்டி வாங்கிய மோசடி 2023 கடைசியில் வெளியே வந்து பெரிய அமளியானது. பெட்டிக்குள் இருப்பதைப் புரட்டிப் பார்க்க முடியாது. அதனால் சான்றிதழ் எண்ணை வைத்துத் தேடி, பழைய விற்பனைப் படங்களோடு அட்டையின் மடிப்பு, கீறல்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டியில்லாத பிரதி என்றால், உங்கள் கையால், பகல் வெளிச்சத்தில், கடிதப் பக்கத்தின் இரண்டு பக்கமும். தொட விடாதவரிடம் வாங்கவே வேண்டாம். ரசீதில் "ஸ்டாம்ப் அசல், ஒட்டியது அல்ல" என்று எழுதிக் கேளுங்கள், எழுதத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் மறுபடி சந்தை. எட்டிப் பார்த்தேன். நுழைவாசலுக்கு இடப்பக்கம், அதே மேசை, அதே மைலர் உறை, உள்ளே இன்னொரு 181. விலைச்சீட்டில் 2,100. கீழே பெரிய எழுத்தில், ஸ்டாம்ப் உண்டு என்று எழுதி ஒட்டியிருந்தார்.