ஒரு வீடு, ஒரு குடும்பம்: உறவை வைத்தா, அடுப்பை வைத்தா?

எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்குத் துணைவிதி எழுத உட்கார்ந்தோம். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டோம். 'ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான்' என்று எழுதியாயிற்று, சரி, குடும்பம் என்றால் யார்? உள்ளாட்சி விதிகளைப் புரட்டினால் இரண்டு வழி தென்படுகிறது. இரத்த உறவு, திருமணம், தத்து என்று ஆட்களை வைத்துச் சொல்வது ஒன்று. தனி வாசல், தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை என்று இடத்தை வைத்துச் சொல்வது இன்னொன்று. நான் இரண்டாவதற்குத்தான் கை தூக்கினேன்.

உறவு வழி எழுதுவதற்குச் சுலபம். வம்பு எல்லாம் சரிபார்க்கப் போகும்போதுதான். அமெரிக்காவில் கிழக்கு கிளீவ்லாந்து நகரம் குடும்பத்துக்கு அப்படித்தான் இலக்கணம் வகுத்திருந்தது. ஐனெஸ் மூர் என்ற பாட்டி ஒரு மகனோடும் இரண்டு பேரன்களோடும் இருந்தார்; பேரன்கள் கூடப்பிறந்தவர்கள் இல்லை, அண்ணன் தம்பி பிள்ளைகள். அதனால் இது ஒரே குடும்பம் ஆகாதாம், 25 டாலர் அபராதம், 5 நாள் சிறை! 1977இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே நீதிமன்றம்தான் 1974இல், உறவில்லாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து இருக்கக்கூடாது என்ற பெல் டெர் ஊரின் விதியை ஏற்றுக்கொண்டது.

அடுப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. யார் யாருக்கு என்ன முறை என்று காகிதம் கேட்க வேண்டாம், போய்ப் பார்த்தால் போதும். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பொதுச் சமையலறையில் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்பவர்களைத்தான் ஒரே குடித்தனமாக எண்ணுகிறார்கள். தனி உலை வைத்தால் தனிக்குடித்தனம், அவ்வளவுதான்.

ஆனால் எது அடுப்பு என்பதிலும் ஒரு மாலை முழுக்கப் போயிற்று. ஒரு வீட்டில் கூடத்தைப் பிளைவுட்டால் தடுத்து, அந்தப் பக்கம் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் வைத்திருந்தார்கள். கேட்டால் 'டீ போட' என்றார்கள். தூக்கிக்கொண்டு போகிற அடுப்பைக் கணக்கில் எடுப்பதில்லை, கழிவுநீர்க் குழாயோடு சேர்ந்த தொட்டியும் பதித்த மேடையும் இருந்தால்தான் சமையலறை என்று கடைசியில் எழுதினோம்.

ஒரே அடுப்பில் பத்துப் பேர் நெருக்கியடித்து இருப்பதை இந்த வரையறை தடுக்காது. அதற்கு ஆளுக்கு இவ்வளவு தரைப்பரப்பு என்று தனி விதி வேண்டும். நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் எங்கள் கட்டடத்தில் யாரும் இல்லாததால் அந்தப் பக்கம் இது எவ்வளவு தாங்கும் என்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. பிளைவுட் வீட்டுக்காரர் மட்டும் அடுத்த வாரமே தொட்டியைக் கழற்றிவிட்டார்.