நீர்ப்பூட்டுக் குடுவையா, டிஜிட்டல் கருவியா?

நுரையீரலின் ஒரு மடலை அகற்றிய பின் நெஞ்சறைக்குள் சேரும் காற்றையும் நீரையும் வெளியேற்றும் குழாயை, அதன் நுனி நீரில் மூழ்கி நிற்கும் நீர்ப்பூட்டுக் குடுவையுடன் இணைப்பதா, கசிவை அளந்து காட்டும் டிஜிட்டல் கருவியுடன் இணைப்பதா என்று மருத்துவர் கேட்கும்போது, குடும்பத்தார் திகைப்பது இயல்பே.

செலவு: குடுவை மலிவானது. கருவிக்கு வாடகையோடு, நோயாளிக்கு நோயாளி மாற்ற வேண்டிய, வெளியேறும் நீர் சேரும் கலத்தின் விலையும் சேரும்.

காற்றுக்கசிவு: குடுவையில் குழாயின் நுனி நீர்மட்டத்திற்குச் சுமார் 2 செ.மீ. கீழே நிற்கும், நோயாளியை இருமச் சொல்லிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பதே சோதனை. காலையில் பார்த்தவர் 'சிறிது உண்டு' என்பார், மாலையில் பார்த்தவர் 'இல்லை' என்பார். இந்தக் கருத்து வேறுபாட்டாலேயே குழாயை எடுப்பது தள்ளிப்போவதுண்டு. கருவியோ நிமிடத்திற்கு எத்தனை மி.லி. கசிகிறது என்று எண்ணாகவே காட்டி, கடந்த பல மணி நேரப் போக்கையும் வரைபடமாக வைத்திருப்பதால், வாதத்திற்கு அதிக இடமில்லை.

நடமாட்டம்: குடுவையைச் சாயாமல், நெஞ்சுக்குக் கீழேயே பிடிக்க வேண்டும், காற்றை இழுத்தெடுக்கும் உறிஞ்சல் தேவையெனில் சுவரிலுள்ள உறிஞ்சல் இணைப்போடு கட்டுண்டு கிடக்க வேண்டும். பேட்டரிக் கருவியை மாட்டிக்கொண்டு நடக்கலாம்.

பழுது: குடுவையில் கெட்டுப்போக ஏதுமில்லை. கருவிக்குச் சார்ஜ் வேண்டும். அதன் எச்சரிக்கை ஒலி நள்ளிரவிலும் எழுப்பிவிடும்.

கசிவு சில நாள்களில் அடங்கிவிடும் என்று எதிர்பார்க்கக்கூடியவருக்குக் குடுவையே போதும். எம்ஃபிசீமாவால் (நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் சிதையும் நோயால்) நுரையீரல் நலிந்து, கசிவு நீடிக்கக்கூடியவருக்குக் கருவிக்குச் செலவிடுவது தகும் என்பேன். ஒரு பக்க நுரையீரலை முழுவதுமாக அகற்றியவருக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அங்கு உறிஞ்சல் ஆபத்தானது.