இதய ரிதம் சிகிச்சைகளுக்கு எந்தக் குறியீடு: சிபிடியா, பிசிஎஸ்ஸா, சொந்தப் படிவமா?

யாழ்ப்பாணத்தில் அப்லேசன் (இதயத் துடிப்பின் ரிதத்தைக் குழப்பும் இடத்தைச் சுட்டு அழிப்பது), பேஸ்மேக்கர் விவரங்களுக்கு ஒரு பதிவேடு தொடங்கலாம் என்று யாராவது கதையெடுத்தால், "ஐசிடி-10 இருக்குத்தானே, இஐஎம்எம்ஆருக்கு அதைத்தானே போடுகிறோம்" என்று ஒருவராவது சொல்வார். இஐஎம்எம்ஆர் என்பது விடுதி நோயாளரின் நோய், இறப்பு விவரங்களை ஆஸ்பத்திரி அனுப்பும் மின்னணு அறிக்கை; அதற்குப் போடும் ஐசிடி-10 நோய்களுக்கான சர்வதேசக் குறியீடு. அது நோயைச் சொல்லும், செய்த வேலையைச் சொல்லாது. ஐ44.2 என்றால் கம்ப்ளீட் ஹார்ட் ப்ளொக் (இதயத்தின் மேலறை மின்சமிக்ஞை கீழறைக்குப் போகாமல் முழுதாகத் தடைபடுவது), சரி. அந்த ஐயாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்களா, எத்தனை லீட் (இதயத்துக்குள் போகும் வயர்) என்பதற்கு அதில் இடமே இல்லை. ஆகவே அதைக் காரணம் எழுதுகிற கட்டத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சக் குறியீடுகளான சிபிடி, பிசிஎஸ் இரண்டும் செய்த சிகிச்சையைக் குறிப்பவை, அமெரிக்காவில் இருந்து வந்தவை. அப்லேசன் என்று வந்தால் பிசிஎஸ் சரியான ஏமாற்றம். ஏ.எப்.க்கு (மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்குவது) நுரையீரல் நாளங்களைச் சுற்றிச் சுட்டாலும், டிபிகல் ஃப்ளட்டருக்கு (மேலறையில் ஒரே வட்டத்தில் மின்சமிக்ஞை வேகமாகச் சுற்றுவது) சுட்டாலும், டபிள்யூபிடபிள்யூவின் (பிறப்பிலேயே மின்சமிக்ஞைக்கு இன்னொரு பாதை இருப்பது) மேலதிகப் பாதையைச் சுட்டாலும், கதீற்றர் வழியாகச் செய்தால் எல்லாம் 02583 என்று தொடங்கும் குறியீட்டில்தான் போய் விழும். சிபிடி கொஞ்சம் பிரித்துக் காட்டும்: எஸ்விடிக்கு (கீழறைக்கு மேலே தொடங்கும் வேகத் துடிப்பு) 93653, விடிக்கு (கீழறையில் தொடங்கும் வேகத் துடிப்பு) 93654, ஏ.எப்.க்கு 93656, அதே அமர்வில் வேறொரு ரிதத்தையும் தனியாகச் சுட்டால் கூடவே 93655. ஆனாலும் ஃப்ளட்டரும் டபிள்யூபிடபிள்யூவும் அங்கேயும் ஒரே 93653க்குள்தான்.

சிபிடியில் எனக்குப் பிடிக்காதது வேறு. அது காசு கேட்பதற்கான குறியீடு. 2022இல் முப்பரிமாண மேப்பிங்கை (இதயத்தின் மின்பாதைகளை வரைபடமாக எடுப்பது) 93653க்கும் 93656க்கும் உள்ளேயே சேர்த்துவிட்டார்கள், அதனால் குறியீட்டை மட்டும் எண்ணுகிறவருக்கு அந்த வருடம் திடீரென்று மேப்பிங் குறைந்துபோனதாகத் தெரியும், சிகிச்சை நடக்கும் லாபில் எதுவும் மாறியிருக்காது. கடைப் பில்லைப் பார்த்து வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று ஊகிக்கிற வேலை. போதாததற்கு சிபிடிக்கு உரிமம் வேண்டும். பிசிஎஸ் இலவசம்.

பேஸ்மேக்கருக்கு வந்தால் நிலைமை தலைகீழ். இரட்டை அறைப் பேஸ்மேக்கர் புதிதாக வைத்தால் சிபிடியில் 33208 என்று ஒரே வரி. பிசிஎஸ்ஸில் ஜெனரேட்டருக்கு (பட்டரி உள்ள பெட்டி) ஒன்று, சோணையறை லீடுக்கு ஒன்று, இதயவறை லீடுக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும், எது எங்கே போனது என்று தெரியும்.

ஆனால் எந்த லீட்? 2007இல் மெட்ரோனிக் தன் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் டிபிப்ரிலேட்டர் (உடலுக்குள் இருந்தே ஷொக் கொடுக்கும் கருவி) லீட் முறிகிறது என்று விநியோகத்தை நிறுத்தியது. அப்படி ஒரு அறிவித்தல் வந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்று இரண்டு குறியீட்டாலும் சொல்ல முடியாது. மொடல் இலக்கமும் சீரியல் இலக்கமும் வேண்டும், அதற்குச் சொந்தப் படிவம்தான் வழி.

என் தெரிவும் அதுதான். எந்த ரிதம், எந்த இடம், என்ன சக்தி (ரேடியோ அலையா, குளிரா, பல்ஸ்ட் ஃபீல்ட் என்ற மின்துடிப்பா), முதல் தடவையா மறுதடவையா, பேஸ்மேக்கர் என்றால் டிடிடிஆர் போன்ற மோட் (எந்த அறையைக் கவனித்து எதைத் துடிக்க வைக்கும் என்பது), பெட்டியோடு வரும் ஸ்டிக்கரில் உள்ள இலக்கங்கள். விடைகளைப் பட்டியலில் இருந்து மட்டும் தெரிவுசெய்ய விடுங்கள். 'மற்றவை' என்று ஒரு கட்டம் விட்டால் ஆறு மாதத்தில் பாதிப் பேர் அதற்குள் இருப்பார்கள். வெளியாரோடு ஒப்பிட வேண்டி வந்தால் இந்தக் கட்டங்களில் இருந்து சிபிடியையோ பிசிஎஸ்ஸையோ பிறகு எடுக்கலாம், சிபிடியில் இருந்து இந்தக் கட்டங்களுக்குத் திரும்பி வர முடியாது.

அப்புறம், எதைப் பார்த்து நிரப்புவது? வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்டைப் பார்த்து வேண்டாம், புரசீஜர் நோட்டைப் பாருங்கள். கார்டில் 'பேசிங் செய்தது' என்று மட்டும் இருக்கும், பிஎச்டியை (வாட்டில் எழுதும் நோயாளர் குறிப்பேடு) புரட்டினால் முதல் நாள் தற்காலிக வயர், பிறகுதான் நிரந்தரப் பேஸ்மேக்கர். இரண்டையும் பேஸ்மேக்கர் என்று எண்ணினால் கணக்குப் பிழை. 'டிசி ஷொக்' (நெஞ்சில் மின் அதிர்ச்சி கொடுப்பது) இன்னும் மோசம்: ஏ.எப். ஆளுக்குத் திட்டமிட்டுக் கொடுத்த ஷொக்கையும், விஎஃப் (கீழறை நடுங்கி இதயம் இரத்தம் இறைக்காமல் போவது) வந்து விழுந்தவருக்கு ஓடிப்போய்க் கொடுத்த ஷொக்கையும் வாட்டில் அதே இரண்டு சொல்லில்தான் எழுதுவார்கள். சிபிடியின் 92960 திட்டமிட்டதற்கு மட்டும். படிவத்தில் இரண்டுக்கும் வேறு வேறு கட்டம் போடுங்கள், நோட்டில் தெளிவில்லை என்றால் எழுதிய டொக்டரிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.