கிட்டப் போவதா, தள்ளி நிற்பதா: கொழும்புக் கட்டடங்களைப் படமெடுக்க

சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை முதல்முறை படமெடுக்கப் போன நாளில், புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு கடைக் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு, அகல லென்ஸை அண்ணாந்து பிடித்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், 1909இல் கட்டி முடித்த அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டடம் மல்லாந்து விழப்போவதுபோல் நின்றது. கீழே பாதிப் படம் ஓட்டோக் கூரை.

பழியை லென்ஸின்மேல் போட்டேன். உண்மையில் கமராவை மேல்நோக்கிச் சரித்ததுதான் காரணம். மட்டமாகப் பிடித்தால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே நிற்கும், எந்த லென்ஸானாலும் சரி. ஆனால் அப்படிப் பிடித்தால் அடிவானம் படத்தின் நடுவில் வந்துவிடும்; கட்டடத்துக்கு மிஞ்சுவது மேல் பாதி மட்டும். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு லேசான கணக்கு இருக்கிறது. முழுச்சட்டக் கமராவை (உள்ளே படம் விழும் சில்லு 36க்கு 24 மி.மீ.) நெடுக்காகப் பிடிக்கும்போது, கட்டடத்தின் உயரத்தை லென்ஸின் மில்லிமீற்றரால், அதாவது குவியத்தூரத்தால், பெருக்கி 36இன் பாதியான 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். சுமார் 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரத்துக்கு 24 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய 470 மீற்றர் வரும். 50 மி.மீ. என்றால் ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. கைபேசியின் பிரதான லென்ஸையும் 24, 26 என்றே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு தூரத்திலும் கோபுரம் ஒரே அளவில்தான் விழும். மாறுவது சுற்றியுள்ளவைதான். கிட்ட நின்று அகலமாக எடுத்தால் முன்னால் உள்ள தார் வீதி விரிந்து பாதிப் படத்தை விழுங்கும், பின்னால் உள்ள கட்டடங்கள் சுருங்கிப் போகும். தள்ளி நின்றால் பின்னணி மாடிகள் நெருங்கி வந்து அடுக்கடுக்காக நிற்கும். பேர வாவியின் மறுகரையில் நின்றால் அந்தக் கீழ்ப் பாதியும் வீணாவதில்லை. காற்று எழும்புவதற்கு முந்திய காலையில் அதில் கோபுரம் தலைகீழாகக் கிடக்கும். வசதி இருந்தால் நான் எப்போதும் தள்ளி நிற்கிற கட்சிதான்.

புறக்கோட்டையில் தள்ளி நிற்க எங்கே இடம்? 10 மீற்றர் தள்ளி நின்றால் 24 மி.மீ. லென்ஸுக்குள் வருவது கண் மட்டத்துக்கு மேலே ஏழரை மீற்றர் மட்டும்தான். அண்ணாந்து எடுத்துவிட்டு எடிட்டிங்கில் நிமிர்த்தலாம். ஆனால் நிமிர்த்தும்போது உச்சி இழுபட்டு மங்கும், இரு பக்கமும் வெட்டுப்படும். அந்த வழிதான் என்றால் எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள். முழுவதும் நிமிர்த்தவும் வேண்டாம், தலை பெருத்த மாதிரி ஆகிவிடும். ஒரு துளி சாய்வு இருக்கட்டும்.

எனக்கு வேறு வழி காட்டியவர் எதிரே துணிக்கடை வைத்திருந்த ஒரு நானா. “தம்பி, றோட்டுல நிண்டு அண்ணாந்து என்ன செய்றீங்க? மேல ஏறி வாங்க. பத்து மணிக்கு லொறி வந்திடும், அதுக்குள்ள எடுத்திடுங்க” என்றார். இரண்டாம் மாடி யன்னலில், துணிக் கட்டுகளுக்கு நடுவே நின்றபோது, கமராவைச் சரிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. கட்டடத்தின் நடு உயரத்துக்கு ஏறிவிட்டால் அந்த 18 கணக்கில் தூரம் பாதியாகிவிடும். எடிட்டிங்கா மாடியா என்று கேட்டால், மாடிதான். கேட்டால் பெரும்பாலும் ஏறவிடுவார்கள்.

அடுத்தது நிறமா, கறுப்பு வெள்ளையா என்ற சண்டை. கறுப்பு வெள்ளையில் வானம் கறுக்க வேண்டும் என்றால் சிவப்பு ஃபில்டர் என்பது பழைய பாடம். அதை இந்தப் பள்ளிவாசலில் போட்டுப் பாருங்கள்: வானம் கறுக்கும், கூடவே சிவப்புப் பட்டைகள் வெளிறி வெள்ளையோடு கலந்துவிடும். கட்டடத்தின் உயிரே அந்தப் பட்டைகள்தான். நீல ஃபில்டர் போட்டால் பட்டைகள் கரியாகும், வானம் வெள்ளைத் தாளாகும். நிறத்தில், ரோவாக (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்து வந்து கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் சிவப்பையும் நீலத்தையும் தனித்தனியே இறக்கலாம், இரண்டும் கிடைக்கும். நீலத்தை அளவு மீறி இறக்கினால் மட்டும் மினாராவின் ஓரங்களில் வெள்ளைக் கோடு ஓடும். கமராவிலேயே கறுப்பு வெள்ளை ஜேபெக்காக எடுத்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகும் பள்ளிவாசலை நான் நிறத்தில்தான் வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளை வேண்டியது கோட்டைப் பக்கத்துத் தூண்களுக்கும், பெயர்ப்பலகைகள் கூச்சல் போடும் தெருக்களுக்கும். மஞ்சள் பலகையின் வாயை வேறு எதாலும் அடைக்க முடியாது.

வெளிச்ச அளவில் கமராவை நம்பவேண்டாம். அது எல்லாவற்றையும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். விகாரமகாதேவி பூங்காவுக்கு எதிரேயுள்ள வெள்ளை நகர மண்டபத்துக்கு ஒரு படி (ஒரு ஸ்டொப், அதாவது இரட்டிப்பு வெளிச்சம்) கூட்டுங்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கல்லுக்கு ஒரு படி குறையுங்கள். எச்.டி.ஆர். (வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாக்குவது) பற்றி ஒரே வரி: நிழல் முழுவதையும் தூக்கிவிட்டால் செதுக்கிய கல்லும் பூசிய சுவரும் ஒன்றுபோலாகிவிடும்.

பொழுது விஷயத்தில் எல்லோரும் மாலை ஆறு மணி என்பார்கள். கடலைப் பார்த்து நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டடத்துக்கு (1930) நான் நாலரை மணிக்காரன். ஆறு மணிக்கு வெயில் நேரே முகத்தில் அடித்து, பொன்னிறம் கிடைக்கும், தூண்களின் உருட்சி போய்விடும். நாலரை மணிக்கோ, மேல்விளிம்புகளின் நிழல் கீழே இறங்கிக் கிடக்கும். மார்கழியில் சூரியன் தெற்கே ஒதுங்கி இறங்குவதால் தூண்களுக்குப் பக்க நிழலும் சேரும். நடுப்பகலையும் ஒதுக்கிவிடாதீர்கள்: கொழும்பு பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் உச்சி வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கும். காரையின் ஒவ்வொரு பொருக்கும் தெரியும். கோபுரச் சிலைகளுக்கு மட்டும் அந்த நேரம் ஆகாது, கண்குழியெல்லாம் கறுத்துவிடும்.

எல்லாவற்றையும் தோற்கடிப்பது ஐப்பசி மழைக்கு முந்திய பொழுது. இடிமேகம் உள்நாட்டுப் பக்கம் திரண்டு கிழக்கு கன்னங்கரேலென்று இருக்கும். மேற்கே கடல்மேல் இன்னும் வெயில் இருக்கும். காலிமுகத்திடலில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால், எதிரே உள்ள உயர்மாடிகள் கறுத்த வானத்துக்கு முன்னால் யாரோ விளக்குப் பிடித்ததுபோல நிற்கும். போன வருடம் அப்படி ஒரு நாளில் மூன்று படம் எடுத்தேன். முதலாவதில் அடிவானம் கோணல். மூன்றாவதில் லென்ஸ் முழுக்க மழைத்துளி. இரண்டாவது சுவரில் தொங்குகிறது.