கீசரைத் திருத்துவதா, புதிதாக வாங்குவதா? நுவரெலியாவில் ஒரு திருத்தும் கடையைப் பற்றி

நுவரெலியா டவுனில் கீசர், தண்ணீர் மோட்டார், ரைஸ் குக்கர் எல்லாம் திருத்தும் சின்னக் கடை ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தன் பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று அங்கே திருத்தும் பாஸும் கேட்டுக்கொண்டார். அதனால் மத்திய சந்தைக்குக் கிட்ட என்று மட்டும் சொல்கிறேன், அங்கே கீசர் பாஸ் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை எங்கே போனது என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு கந்தப்பளைப் பக்கம். 50 லீற்றர் கீசர், ஒன்பது வருடப் பழசு. முதலில் தண்ணீர் சரியாகச் சூடாகவில்லை, அப்புறம் அடியில் சொட்டத் தொடங்கியது, பிறகு கீசர் சுவிட்சைப் போட்டாலே வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்து எல்லா லைட்டும் போய்விடும். ஜனவரி மாதம், புல்லெல்லாம் உறைபனி. அம்மாவுக்கு மூட்டு வலி, பச்சைத் தண்ணீரில் கை வைக்கவே முடியாது. விறகு அடுப்பில் அண்டா வைத்துச் சமாளித்தோம். அந்த நேரத்தில் வந்த ஆலோசனைகளில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரடியாக லைன் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். வீடுகளுக்குப் போடும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுவதற்காக இருப்பது, அது விழுகிறது என்றால் கரண்ட் போகக்கூடாத வழியில் போகிறது. ஈரக் காலோடு நிற்கிற இடத்தில் அதைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது.

கீசர் வாங்கிய கம்பனியின் ஆள் வந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார், மூடியைக்கூடக் கழற்றவில்லை. "டேங்க் போய்ட்டுது, பழைய மாடல், பார்ட்ஸ் வராது, புதுசு எடுத்தா கரண்டும் மிச்சம்" என்று சொல்லி, வந்ததற்கான காசை வாங்கிக்கொண்டு போனார்.

டொரண்டோவில் இருக்கும் சித்தப்பா மகனிடம் சொன்னபோது அவனும் மாற்றச் சொன்னான். அங்கே வீடு முழுவதையும் சூடாக்கும் காஸ் ஃபர்னஸ் பழுதானால், திருத்தும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடுவது வழக்கமாம், பதினைந்து இருபது வருடம் ஆகியிருந்தால் யோசிக்கவே மாட்டார்களாம். அவன் சொல்வது அவன் ஊருக்குச் சரி. மிகப் பழைய ஃபர்னஸ் எரிக்கும் காஸில் மூன்றில் ஒரு பங்கு வரை வெப்பம் புகைபோக்கி வழியாகவே போய்விடும், புதியவை 95 வீதத்துக்கு மேல் வீட்டுக்குள் தரும். உள்ளே வெப்பத்தைக் கடத்தும் அறையில் விரிசல் விழுந்தால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் வந்து ஆளையே கொன்றுவிடும். மாற்ற அங்கே காரணம் இருக்கிறது.

கரண்ட் கீசரில் கதையே வேறு. சூடாக்கும் கம்பியான கொயில் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கிறது, இழுக்கும் கரண்ட் எல்லாம் சூடாகத் தண்ணீரில்தான் போகும், பழசானாலும் புதுசானாலும் அதில் வித்தியாசம் இல்லை. 15 டிகிரியில் வரும் 50 லீற்றர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2.6 யூனிட் வேண்டும், எந்தக் கம்பனி கீசருக்கும் இதே கணக்குத்தான். தொட்டியைச் சுற்றியுள்ள ஃபோம் கெட்டுப் போயிருந்தால் நிற்கிற சூடு சீக்கிரம் ஆறும், மிச்சம் என்று ஏதாவது வந்தால் அங்கேதான் வரும். ஆகவே "புதுசு எடுத்தால் கரண்ட் மிச்சம்" என்று யாராவது சொன்னால், எவ்வளவு, எப்படி என்று கேளுங்கள். 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதிச் சாமான் ஒவ்வொன்றும் என்ன விலைக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒரு குடும்பம் கடன் வாங்கிப் புதிய கீசர் எடுப்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, பாஸ் என்ன செய்தார்? விலை கேட்டதும், "அக்கா, தண்ணி எங்கேருந்து வருதுன்னு பார்க்காம நான் விலை சொல்ல மாட்டேன்" என்றார். மெயினை ஆஃப் செய்து, கொயிலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்த்து, கசிவு அங்கேதான் என்று காட்டினார். பிறகு தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டு, அடித்தட்டைத் திறந்து கொயிலை வெளியே இழுத்தார். மேலுறை நீளவாக்கில் வெடித்திருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க் கம்பியைத் தொட்டுக் கரண்டைக் கசிய வைத்திருக்கிறது. தொட்டியின் அடியில் செம்மண் சேறு. எங்களுக்கு ஓடைத் தண்ணீர், மழைக்காலத்தில் கலங்கித்தான் வரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் தண்ணீர் மாதிரி இங்கே கொயிலில் சுண்ணாம்புக் காரை அவ்வளவாகப் பிடிக்காது, நம்முடைய தொல்லை இந்தச் சேறுதான்.

அடுத்து அவர் காட்டியது பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டிராத ஒன்று. தொட்டிக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று நிற்கும். இரும்பைவிட மக்னீசியம் சீக்கிரம் அரிபடும், அது தான் அரிந்து இரும்புத் தொட்டியைக் காப்பாற்றுகிறது. எங்களுடையதில் மக்னீசியம் முழுவதும் தீர்ந்து நடுக்கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. இதை ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றினால் தொட்டி பல வருடம் கூட நிற்கும். விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

கடைசியாக டோர்ச் அடித்துத் தொட்டியின் உள்பக்கத்தைப் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். உள்பூச்சு எங்கேயும் உரியவில்லை, துருப் பொட்டு இல்லை. முடிவு அந்த இடத்தில்தான் இருக்கிறது. கொயில், வோஷர், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டட், வால்வு எது போனாலும் திருத்தலாம். தொட்டியே அரித்து ஓட்டை விழுந்தால் திருத்தக்கூடாது. வெல்டிங் பிடித்துத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள், அந்தச் சூட்டில் சுற்றியுள்ள உள்பூச்சு வெடித்துவிடும், பிறகு பக்கத்தில் ஓட்டை விழும். "டேங்க் ஓட்டைன்னா நானே புதுசு எடுக்கச் சொல்லிருப்பேன்" என்றார் பாஸ். எங்களுக்குச் சொட்டியது அடித்தட்டு வோஷரிலிருந்து, ஒரு ரப்பர் வளையம்.

கொயில், வோஷர், மக்னீசியக் கம்பி, இறுகிப்போயிருந்த சேஃப்டி வால்வு எல்லாம் மாற்றி, அவர் கூலியும் சேர்த்து, அதே அளவுப் புதிய கீசரின் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. தெர்மோஸ்டட் நன்றாக இருக்கிறது என்று பழையதையே போட்டார், அதற்கும் சேர்த்துக் காசு கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. மாற்றிய பழைய சாமான்களை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

போகுமுன் சொன்ன இரண்டு விஷயங்கள் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். சூடாகும்போது சேஃப்டி வால்வில் கொஞ்சம் சொட்டுவது பழுது அல்ல. தண்ணீர் சூட்டில் விரியும், 50 லீற்றர் 60 டிகிரிக்குப் போகும்போது முக்கால் லீற்றருக்கு மேல் கூடும், அது எங்காவது வெளியேற வேண்டும். அந்தச் சொட்டைப் பார்த்துத் தொட்டி ஓட்டை என்று புதியது வாங்கியவர்கள் இருக்கிறார்களாம். அந்த வால்வை மட்டும் அடைத்துவிடாதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறினால் தொட்டி வெடிக்கும்.

இரண்டாவது, மாலையில் சூடாக நேரம் எடுப்பது. எங்கள் கரண்ட் லைனில் எல்லா வீட்டிலும் சமையல் நடக்கும் நேரத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தார், 190 வோல்ட்தான் காட்டியது. 230 இல் 1500 வாட்ஸ் தரும் கொயில் 190 இல் ஆயிரத்துச் சொச்சம்தான் தரும். ஒன்றே முக்கால் மணித்தியாலத்தில் சூடாக வேண்டிய தண்ணீர் இரண்டரை மணித்தியாலம் எடுக்கும். புதிய கீசர் வாங்கினாலும் அதே லைன், அதே வோல்ட். விடியற்காலையில் போடுங்கள் என்றார், இப்போது அப்படித்தான் செய்கிறோம், நன்றாகச் சூடாகிறது.

இனி அந்த அரைப் புள்ளி. ரசீது துண்டுக் காகிதத்தில் கையால் எழுதியது, கொயிலுக்கு மூன்று மாத உத்தரவாதம் என்று வாயால்தான் சொன்னார். நான் கேட்ட பிறகுதான் திகதி போட்டுக் கையெழுத்து வைத்துத் தந்தார், நீங்களும் கேட்டு வாங்குங்கள். ஃபோனை எடுப்பது அபூர்வம், நேரில் போவது நல்லது. ஏப்ரல் சுற்றுலா சீசனில் ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் அவரைத்தான் இழுக்கும், அப்போது தேயிலைத் தோட்டத்துப் பக்கம் வரவே நேரம் கிடைக்காது. மார்ச் மாதத்துக்குள் மக்னீசியக் கம்பியைப் பார்த்துச் சேற்றையும் கழுவிவிடச் சொல்லி வையுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தையும் கீசர் எத்தனை லீற்றர் என்பதையும் முன்கூட்டியே சொன்னால், சரியான வோஷரைக் கையோடு எடுத்துக்கொண்டு வருவார்.